ஜப்பானிய உணவகப் பட்டியலில் அச்சிடப்படும் ஊர்ப்பெயர்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

தெம்பனிஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, சிங்கப்பூரில் உள்ள ஒரு ஜப்பானிய உணவகத்தில் குடும்பத்தினர் எல்லோருக்குமாக இரவு விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். அவர்கள் அனுப்பிய உணவுப் பட்டியலில் பண்டத்தின் பெயரைவிட ஊரின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கிறது. இஸு வசாபி (காரமான ஒரு கிழங்கு), ரிஷிரி கொம்பு (சாறு எடுக்கும் கடற்பாசி), மகுரசாகி கத்சுவோபுஷி (புகையூட்டி உலர்த்திய சூரை மீன்), உவோனுமா அரிசி, தொயோசு மீன், கோபே மாட்டிறைச்சி, உஜி மட்சா (பச்சைத் தேயிலைப் பொடி) என்று அது நீண்டுகொண்டே போகிறது. பானங்களுக்கென்று தனியாக அச்சிட்ட பட்டியலில் சாகே என்ற அரிசி மது, விஸ்கி, ஊமெ என்ற காயில் ஊறிய மது ஆகியவற்றுக்கும் இதே போல ஊர்ப்பெயர்கள் உண்டு. இந்தப் பெயர்கள் இல்லாத விருந்துக்கும் இவை உள்ள விருந்துக்கும் தலைக்கு ஏறத்தாழ இருமடங்கு விலை வித்தியாசம்.

பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எதற்காகக் கொடுக்கிறேன் என்று தெரிந்துகொண்டு கொடுக்க விரும்புகிறேன். இவற்றுள் எந்தப் பண்டத்தில் ஊர் உண்மையிலேயே சுவையைத் தீர்மானிக்கிறது, எதில் அது பட்டியலை அழகுபடுத்த மட்டும் பயன்படுகிறது, மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் பரிமாறுபவரின் மனம் நோகாமல் இதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். நான் ஷிசுவோகா மாநிலத்தில், யாய்சு துறைமுகத்துக்கு அருகில், மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு பண்டங்கள் எனக்கு நன்கு பழக்கமானவை என்பதால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வசாபி. ஊர்ப்பெயருக்கு முழு மதிப்பும் கொடுக்க வேண்டிய பண்டம் இது. ஏனென்றால் இந்தச் செடி வளர்வதற்கு ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக, சுமார் 12 முதல் 15 பாகை செல்சியசில், தெளிந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஊற்று நீர் வேண்டும். இஸு தீபகற்பத்தின் மலைச் சரிவுகளில் கல்லும் சரளையும் மணலும் அடுக்கடுக்காகப் பரப்பிய படிப்பாத்திகளை அமைத்து, அவற்றின் ஊடே நீரைக் கசியவிட்டு வளர்க்கிறார்கள். ஒரு தண்டுக்கிழங்கு விற்பனைக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். ஷிசுவோகாவின் இந்தச் சாகுபடி முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2018ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. நாகனோ மாநிலத்தின் அசுமினோவிலும் பெரிய பண்ணை இருக்கிறது. அங்கிருந்து வருவதும் தரமானதே.

பெரும்பாலான உணவகங்களில் சூஷியோடு வைக்கப்படும் பச்சைப் பசை வசாபியே அன்று. ஹார்ஸ்ராடிஷ் என்ற ஐரோப்பியக் கிழங்கின் பொடி, கடுகு, மாவுப்பொருள், பச்சை நிறமி ஆகியவற்றைக் கலந்தது அது. ஜப்பானிலேயே குழாயில் அடைத்து விற்கும் பசைகளில் இரண்டு வகை வாசகங்களைப் பார்க்கலாம். உண்மையான வசாபி 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஹோன் வசாபி ஷியோ’ என்றும், அதற்குக் குறைவாக இருந்தால் ‘ஹோன் வசாபி இரி’ என்றும் உற்பத்தியாளர் சங்கத்தின் வரையறைப்படி அச்சிடுகிறார்கள். ஆகவே ‘உண்மையான வசாபி’ என்று ஓர் உணவகம் சொல்வது பொய்யாக இல்லாமலேயே பெரும்பகுதி வேறு பொருளாக இருக்க முடியும்.

இதைச் சரிபார்ப்பது எளிது. முழுக்கிழங்கை உங்கள் கண்முன்னே துருவித் தர இயலுமா என்று கேளுங்கள். சுறாத்தோல் ஒட்டிய சிறு பலகையில் கிழங்கின் இலைப்பக்கத்து முனையை வைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்ப்பார்கள். வெளிர்பச்சையாக, மெல்லிய நார்த்தன்மையோடு, சற்றுப் பிசுபிசுப்பாக ஒரு விழுது சேரும். திசு உடையும்போதுதான் அதன் காரம் உருவாகிறது. அது சீக்கிரமே ஆவியாகியும் போய்விடும். தட்டின் ஓரத்தில் சிறிது ஒதுக்கி வைத்துக் கால்மணி நேரம் கழித்துச் சுவைத்துப் பாருங்கள்: உண்மையான வசாபியின் வீரியம் தெளிவாகக் குறைந்திருக்கும், பசையோ அப்படியே மூக்கில் ஏறும்.

அடுத்து கத்சுவோபுஷி. இது நமக்குப் புதிய பண்டம் அன்று. தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கும் மாலத்தீவு மாசிக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்பவை. ஜப்பானியர்கள் அதற்கு மேல் ஒரு படி போகிறார்கள். புகையூட்டிய கட்டியின் மேற்பரப்பைச் செதுக்கிவிட்டு ஒரு நல்ல பூஞ்சையை வளரவிடுகிறார்கள், வெயிலில் காயவைக்கிறார்கள், மீண்டும் வளரவிடுகிறார்கள். இதைப் பல முறை செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பூஞ்சை ஈரத்தையும் கொழுப்பையும் உண்டுவிடுவதால் சாறு கலங்காமல் வருகிறது. இந்த நிலையை எட்டிய இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த மரக்கட்டைகள் மோதுவது போலக் கணீரென்று ஒலிக்கும்.

இதில் ஊர்ப்பெயரின் பொருள் வேறு. காகொஷிமா மாநிலத்தின் மகுரசாகியும் இபுசுகியும், எங்கள் யாய்சுவும்தான் இத்தொழிலின் பெரிய மையங்கள். ஆனால் மீன் அந்த ஊர்க் கரையில் பிடிபட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பெரும்பகுதி மேற்குப் பசிபிக்கில் பிடிக்கப்பட்டு, கப்பலிலேயே உறையவைத்துக் கொண்டுவரப்படுவது. ‘மகுரசாகி’ என்றால் மகுரசாகியில் பதப்படுத்தியது என்பதே பொருள். கைத்தொழிலுக்கான முத்திரை அது. ஐரோப்பாவில் நிலைமை இன்னும் விசித்திரமானது. புகையால் உண்டாகும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பைப் பாரம்பரியக் கத்சுவோபுஷியால் தாண்டாமல் இருக்க முடியவில்லை. அதனால் மகுரசாகி உற்பத்தியாளர்களே பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் உள்ள கொங்கார்னோவில் ஓர் ஆலை அமைத்தார்கள். பாரிசில் நல்ல ஜப்பானிய உணவகம் ஒன்றில் நீங்கள் குடிக்கும் சாற்றில் பிரான்சில் புகையூட்டிய சூரை இருக்கலாம். அது தரக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் உணவகத்தில் நான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கட்டியை வாங்கி நீங்களே சீவுகிறீர்களா, சீவிய பொட்டலமா? சீவிய மென்தகடு காற்றுப்பட்ட சில மணி நேரத்திலேயே மணத்தை இழக்கத் தொடங்கிவிடும். பழைய மகுரசாகிப் பொட்டலத்தைவிட, அன்று காலையில் சீவிய பெயரற்ற கட்டி மேலானது.

---

அடுக்களைக்கணக்கு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் உற்பத்தி செய்யும் பக்கத்தில் இருந்து பேசுகிறார். நான் சிங்கப்பூரில் ஜப்பானிய உணவகங்களுக்குக் கொள்முதல் பார்த்தவன். அதனால் என் பார்வை கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தொயோசு மீன்’ என்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தொயோசு என்பது தோக்கியோவின் மொத்தச் சந்தை. சுகிஜியில் இருந்த சந்தை 2018 அக்டோபரில் அங்கே இடம் மாறியது. அதன் கூடத்தில் ஹொக்கைடோவின் கடல் முள்ளெலி இருக்கும், கியூஷுவின் மீன் இருக்கும், மத்தியதரைக் கடலில் கூண்டுகளில் வளர்த்த நீலத்துடுப்புச் சூரையும் இருக்கும். ‘கோயம்பேட்டுக் காய்கறி’ என்று பட்டியலில் போட்டால் எவ்வளவு தகவல் கிடைக்குமோ அவ்வளவுதான் இதிலும் கிடைக்கும். ஆனால் சந்தையின் பெயருக்கு ஒரு பயன் உண்டு: அங்குள்ள தரகர்கள் மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் ஐஸில் அடுக்குவதிலும் கைதேர்ந்தவர்கள். எனவே பிறந்த இடத்தைச் சொல்லாவிட்டாலும், நல்ல கைகள் வழியாக வந்தது என்பதை அது சொல்கிறது. எந்த மீன், எந்தக் கடல், எந்தக் கிழமை வந்திறங்கியது என்று கேளுங்கள். நல்ல சூஷிக் கலைஞர் இதைச் சொல்லக் காத்துக்கொண்டிருப்பார். தடுமாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

சால்மன் மீனுக்கு நார்வே என்று எழுதியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஜப்பானியர்கள் தங்கள் பசிபிக் சால்மனை ஒட்டுண்ணி பயத்தால் பச்சையாக உண்பதில்லை; சால்மன் சூஷியைப் பரவலாக்கியதே 1980களில் நார்வே மேற்கொண்ட ஏற்றுமதி முயற்சிதான். நேர்மையாக ‘நார்வே’ என்று அச்சிடும் உணவகத்தின் மீது எனக்குக் கூடுதல் நம்பிக்கை வரும்.

அரிசி விஷயத்தில் கவனமாக இருங்கள். நீகாதா மாநிலத்து உவோனுமாவின் கொஷிஹிகாரி ஜப்பானிலேயே விலையுயர்ந்தது. கொஷிஹிகாரி என்ற ரகம் 1956இல் பெயர் சூட்டப்பட்டது. இன்று கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட விளைகிறது. ரகத்தின் பெயரும் ஊரின் பெயரும் பட்டியலில் ஒட்டிக்கொண்டு வரும்போது எது எதைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டும். நான் பார்த்த ஓர் இடத்தில் உவோனுமா அரிசி மூட்டை ஒன்று வாசலுக்கு எதிரே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, அடுப்பில் வெந்ததோ வேறு நாட்டு அரிசி. ஆனால் ஊரைவிட முக்கியமான ஒன்றை யாருமே கேட்பதில்லை: அரிசி எப்போது தீட்டப்பட்டது? தவிடு நீங்கிய அரிசி நாளாக நாளாகப் பழைய வாடை ஏறி, ஒட்டும் தன்மையும் இனிப்பும் குறைந்துபோகும். ஜப்பானில் மூட்டையின் மீதே தீட்டிய காலத்தை அச்சிடுவது வழக்கம். பழுப்பரிசியாக இறக்குமதி செய்து, சிங்கப்பூரிலேயே வாராவாரம் தீட்டி வாங்கும் உணவகங்கள் உள்ளன. அவர்கள் பட்டியலில் எந்த ஊரும் இல்லாவிட்டாலும் சோற்றில் தெரியும்.

சோயா சாஸுக்கு ஊர்ப்பெயர் போட்டிருந்தால் அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உலகம் முழுதும் தெரிந்த கிக்கோமானின் சாஸ் 1973 முதல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தயாராகிறது. சிங்கப்பூரிலேயே அவர்களுக்கு ஆலை உண்டு. செய்முறை ஒன்றே: சோயாவும் கோதுமையும் கோஜிப் பூஞ்சையோடு உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறுகின்றன. மூலப்பொருளான சோயா ஜப்பானிலும் பெரும்பாலும் இறக்குமதிதான். ஆகவே வெறும் ‘ஜப்பானிய சோயா சாஸ்’ என்பதற்குக் கூடுதல் காசு தேவையில்லை. ஆனால் ஷோதோஷிமா தீவின் மரப்பீப்பாய் சாஸ் என்றால் அது வேறு கதை. அங்கே தலைமுறைகளாகப் புழங்கிய தேவதாரு மரப்பீப்பாய்களின் இடுக்குகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் சுவையைக் கொடுக்கின்றன. அந்த ஆலைகள் பீப்பாயை மட்டுமன்றிக் கூரை உத்தரத்தைக்கூடத் துடைப்பதில்லை. அதை வேறு ஊரில் நகலெடுக்க முடியாது. இதுபோன்ற சாஸை ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக, பச்சை மீனோடு மட்டும் தருவார்கள். வறுவலிலும் குழம்பிலும் அதை ஊற்றுவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம், எந்தக் கொள்முதல்காரனும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டான்.

மாட்டிறைச்சி உண்பவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் ஒரு வரி: கோபே இறைச்சி என்பது ஹியோகோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தாஜிமா இன மாடு, இறைச்சிக்குள் ஓடும் கொழுப்புக் கோடுகளுக்கான குறிப்பிட்ட தரத்தை எட்டினால் மட்டுமே பெறும் பெயர். ஜப்பானுக்கு வெளியே அதன் ஏற்றுமதி தொடங்கியதே 2012இல்தான். ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண் உண்டு. அந்த எண்ணுள்ள சான்றிதழைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

---

நெல்மணி எழுதியது:

இருவரும் பானங்களைத் தொடவில்லை என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். கூடவே, அடுக்களைக்கணக்கு அவர்களின் கருத்தில் ஒரு பகுதியோடு நான் உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்டம் புதிதாக இருப்பதும் அதைக் கையாளும் முறையும் ஊரைவிட முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மீனுக்கும் அரிசிக்கும் அது பொருந்தும். சாகேவுக்கு அப்படியே பொருந்தாது.

சாகேவில் எண்பது விழுக்காட்டைப் போலத் தண்ணீர்தான். கோபே நகரை ஒட்டிய நாதா பகுதியின் நீர் ஜப்பானிய அளவுகோலில் சற்றுக் கடினமானது. பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுந்து, இரும்பு மிகவும் குறைந்தது. முன்னவை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு உரமாகின்றன. இரும்போ சாகேவின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். இந்த நீரின் சிறப்பை 1840இல் அங்கிருந்த ஓர் ஆலைக்காரர் கண்டறிந்தது முதல் நாதா முன்னணிக்கு வந்தது. நொதித்தல் வேகமாக நடப்பதால் அங்கத்திய சாகே விறைப்பாக, இனிப்புக் குறைந்த ‘உலர்ந்த’ சுவையோடு இருக்கும். கியோத்தோவின் ஃபுஷிமியில் நீர் அதைவிட மென்மையானது. சாகேவும் மென்மையாக வரும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரு வாய் சுவைத்தால், இதுவரை சாகேவையே குடித்திராதவருக்கும் வேறுபாடு தெரியும். எனவே பட்டியலில் ஆலை இருக்கும் ஊரைப் போட்டிருந்தால் அதற்குப் பொருள் இருக்கிறது.

அரிசிக்குப் போடும் ஊரைத் தனியாகப் படிக்க வேண்டும். சாகே அரிசிகளில் பெயர்பெற்ற யமதா நிஷிகி ஹியோகோவில் உருவாக்கப்பட்டு, 1936இல் பெயர் பெற்றது. அதன் உயர்ந்த விளைநிலங்கள் இன்றும் ஹியோகோவின் சில பள்ளத்தாக்குகளில்தான் இருக்கின்றன. நாட்டின் மறுகோடியில் உள்ள ஆலைகளும் அங்கிருந்து வாங்கிக் காய்ச்சுகின்றன. அதனால் ‘ஹியோகோ யமதா நிஷிகி’ என்ற வரியைப் படித்துவிட்டு ஹியோகோ சாகே என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பரிமாறுபவரிடம் புட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். அங்கே ஒரு விழுக்காட்டு எண் இருக்கும். தீட்டிய பிறகு மிஞ்சிய அரிசியின் அளவு அது. 50 என்றால் மணியின் பாதி தவிடாகப் போய்விட்டது. 60 அல்லது அதற்குக் கீழே வந்தால் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் தாய்கின்ஜோ என்ற பெயர்களுக்கான தீட்டல் தகுதி கிடைக்கிறது. மூலப்பொருளாக அரிசியும் அரிசிக் கோஜியும் மட்டும் இருந்தால் ‘ஜுன்மாய்’. வடித்த ஆல்கஹால் சேர்த்திருந்தால் அதுவும் சீட்டில் இருக்கும். சேர்ப்பது கலப்படம் அன்று, மணத்தை எடுப்பாக்கும் ஓர் உத்தி. இவற்றோடு, தயாரித்த ஆண்டு மாதம் அச்சிட்டிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். சூடேற்றிப் பதப்படுத்தாத நாமா வகை குளிர்பெட்டிக்கு வெளியே நின்றால் கெடும். அந்த வகையை அலமாரியில் வெளிச்சத்துக்கு நேரே அடுக்கியிருந்தால் வேறு எதையாவது குடியுங்கள். இன்னொரு காப்பும் உண்டு: 2015 டிசம்பர் முதல் ‘நிஹோன்ஷு’ என்பது புவிசார் குறியீடு. ஜப்பானிய அரிசியைக் கொண்டு ஜப்பானிலேயே காய்ச்சியதற்கு மட்டுமே அந்தப் பெயர் செல்லும். ‘சாகே’ என்ற சொல்லுக்கு அந்தக் கட்டு இல்லை.

விஸ்கியில்தான் நீண்டகாலமாக ஏமாற்று நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாக வாங்கி, ஜப்பானில் கலந்து, புட்டியில் மலைப்படமும் ஜப்பானிய எழுத்தும் போட்டு விற்றவர்கள் பலர். சட்டம் அதைத் தடுக்கவில்லை. 2021 ஏப்ரலில் ஜப்பானிய மதுபான உற்பத்தியாளர் சங்கம் ஒரு தர வரையறை கொண்டுவந்து, 2024 ஏப்ரலில் முழுமையாக அமலாக்கியது. அதன்படி ஜப்பானிய நீரைக் கொண்டு ஜப்பானிலேயே நொதிக்க வைத்து, வடித்து, குறைந்தது 3 ஆண்டுகள் மரப்பீப்பாயில் அங்கேயே வைத்து, அங்கேயே புட்டியில் அடைத்திருக்க வேண்டும். இது சங்க உறுப்பினர்களுக்கான விதிதான், சட்டம் அன்று. சீட்டில் ‘ஜப்பானிய விஸ்கி’ என்ற சொற்களே இல்லாமல், ஜப்பானியப் பெயர் மட்டும் பெரிதாக இருந்தால் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம். கலவை விஸ்கி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிய விஸ்கியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஊமெ மதுவுக்கு வாகாயாமா மாநிலத்து மினாபே ஊரின் ‘நான்கோ’ ரகக் காய் பேர்போனது. அதைவிடப் பயனுள்ள சொல் ‘ஹோன்காகு’. காய், சர்க்கரை, மது தவிர வேறு புளிப்பூட்டியோ மணமூட்டியோ சேர்க்காதவையே அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம்.

---

தெம்பனிஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு தகவல் கிடைத்திருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஐயங்கள் எழுந்தன. என் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அவருக்குக் காய்கறி தெம்புராவும் (மாவில் தோய்த்துப் பொரித்தது) தோஃபுவும் மிசோ (நொதித்த சோயா விழுது) சூப்பும் தரலாம் என்று உணவகத்தில் சொன்னார்கள். உப்புக்காற்று அவர்கள் எழுதியதைப் பார்த்த பிறகு அந்தச் சூப்பைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. மற்றொன்று, மது அருந்தாத பெரியவர்களுக்காக உஜி மட்சாவைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள், அதற்கும் கணிசமான விலை. அது தகுமா?

---

உப்புக்காற்று எழுதியது:

உங்கள் கவலை சரியானதே, விருந்துக்கு முன்பே கேட்டது மிகவும் நல்லது. மிசோ சூப்பில் மிதப்பது தோஃபுவும் பாசியும்தான் என்றாலும், அதன் அடிச்சாறு பெரும்பாலும் கொம்பும் கத்சுவோபுஷியும் சேர்ந்ததாகவே இருக்கும். தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறும், தோஃபுவின் மீது ஊற்றும் சாறும், வேகவைத்த காய்கறியும்கூட அதே சாற்றில்தான். தெம்புரா மாவில் முட்டை கரைப்பதும் வழக்கம். பரிமாறுபவர் ‘மீன் இல்லை’ என்று சொல்லும்போது மீன் துண்டு இல்லை என்ற பொருளில் சொல்வார், அவரைக் குறைசொல்ல முடியாது. ஆகவே ‘தாஷி (அடிச்சாறு) எதில் எடுத்தது’ என்றே கேளுங்கள். பொடியில் கரைத்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடையில் விற்கும் தாஷிப் பொடிகள் பலவற்றில் மீன் உண்டு.

சைவத்துக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். ஜென் மடங்களின் ஷோஜின் சமையலில் மீன் கிடையாது; கொம்பையும் உலர்ந்த ஷீட்டாகே காளானையும் ஊறவைத்தே சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாறு மீன் சாற்றின் ஏழை மாற்று அன்று. 1908இல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே உமாமி எனப்படும் நிறைவான சாற்றுச் சுவையின் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்ததே கொம்புச் சாற்றில் இருந்துதான். காளானில் இருக்கும் குவானிலேட் அந்தச் சுவையைப் பலமடங்கு எழுப்பிக் காட்டும்.

உங்கள் பட்டியலில் ரிஷிரி கொம்பு இருப்பது இங்கேதான் பயன்படப்போகிறது. ஜப்பானின் கொம்பு ஏறக்குறைய முழுவதும் ஹொக்கைடோவின் கடலில் விளைகிறது. ஆனால் கரைக்குக் கரை இனம் மாறும். ரிஷிரியின் சாறு நிறமின்றித் தெளிவாக, உப்புச் சுவை லேசாக இழையோட வரும், கியோத்தோ சமையல்காரர்கள் அதையே விரும்புவார்கள். ராவுசுவின் கொம்பு மஞ்சளாகக் கனமான சாற்றைத் தரும். ஹிதாகா சீக்கிரம் வெந்துவிடுவதால் தின்பதற்கே ஏற்றது. கத்சுவோபுஷி சேர்ந்த சாற்றில் இந்த நுட்பங்கள் ஓரளவு மறைந்துபோகும், கொம்பு மட்டும் உள்ள சாற்றிலோ அப்படியே தெரியும். கடல் வெப்பமாகி வருவதால் இயற்கைக் கொம்பின் விளைச்சல் ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருக்கிறது, விலையும் ஏறுகிறது. அந்த மேசையில் ஊர்ப்பெயருக்கான முழு மதிப்பையும் பெறப்போகிறவர் உங்கள் மாமியார்தான். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கொம்பை முதல் நாள் இரவே குளிர்ந்த நீரில் ஊறப்போட வேண்டியிருக்கும்.

மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் 14 விழுக்காடு அளவில் ஆல்கஹால் உண்டு. கொதித்தால் பெரும்பகுதி போய்விடும் என்றாலும், மது கலந்ததையே தவிர்ப்பவர்களிடம் மறைப்பது முறையன்று.

---

அடுக்களைக்கணக்கு எழுதியது:

மட்சாவைப் பற்றி நான் சொல்கிறேன். ‘உஜி’ என்றவுடன் கியோத்தோவுக்குத் தெற்கே உள்ள உஜி நகரின் தோட்டத்துத் தேயிலை என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். கியோத்தோ தேயிலைச் சங்கத்தின் வரையறை அதைவிட அகலமானது. கியோத்தோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாநிலங்களில் விளைந்த இலையைக் கியோத்தோ வணிகர்கள் கியோத்தோவில் பதப்படுத்தினால் அது உஜித் தேயிலை. இதில் மோசடி எதுவும் இல்லை, கலப்பதில்தான் அந்த ஊரின் கைத்திறனே இருக்கிறது. ஆனால் கொடுக்கும் பணம் தோட்டத்துக்கா தொழிலுக்கா என்பது தெரிந்திருக்க வேண்டும். அளவில் பார்த்தால் ஜப்பானியத் தேயிலையின் தலைநகரங்கள் வேறு: 2024இல் காகொஷிமா முதன்முறையாக ஷிசுவோகாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. காகொஷிமாவின் மட்சாவும் இப்போது நன்றாகவே இருக்கிறது, விலையும் குறைவு.

மட்சாவுக்கான செடிகளை அறுவடைக்கு முன் மூன்று வாரம் போல நிழலில் மூடி வைப்பார்கள். இலையைக் கல்லாலான திரிகையில் மெதுவாக அரைக்கிறார்கள். ஒரு திரிகையில் மணிக்கு 40 கிராம் அளவில்தான் பொடி விழும். வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். டப்பாவைத் திறந்த பிறகு பொடி நிறம் மங்கத் தொடங்கும், வைக்கோல் வாடை வரும். உணவகத்தில் உஜிப் பொடியை முறையாகக் குளிரில் வைத்து, அன்றன்றைக்குச் சலித்து, உங்கள் முன்னே மூங்கில் கடைகோலால் அடித்துத் தருவார்கள் என்றால் அந்த விலைக்கு ஒரு கிண்ணம் வாங்கி ருசி பாருங்கள். ஐஸ்கிரீமிலும் பாலிலும் கலப்பதற்கு அதே பொடியைப் பயன்படுத்துவதாகச் சொன்னால் எனக்கு ஐயம்தான்.

ஆனால் நேரம் இரவு, வந்திருப்பவர்கள் பெரியவர்கள். மட்சாவில் இலை முழுவதும் வயிற்றுக்குள் போவதால் கஃபீன் கணிசமாக இருக்கும், தூக்கம் கெடும். அவர்களுக்கு வறுத்த தேயிலையான ஹோஜிச்சாவைச் சொல்லுங்கள். வறுக்கும்போது கசப்பு குறைந்து, கடலை வறுத்தது போன்ற மணம் வரும். எண்ணெயில் பொரித்த தெம்புராவுக்குப் பிறகு வாய்க்கு இதமாகவும் இருக்கும். பல உணவகங்களில் விருந்தின் இறுதியில் அதை இலவசமாகவே ஊற்றுவார்கள். அதற்கும் ஓர் ஊரைப் போட்டுத் தனி விலை வைத்திருந்தால், சாதாரணமானதையே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.